லைன் போன இரவும் டெலிகோவின் லாபக் கணக்கும்

கோலாலம்பூர் செந்தூலில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் நூற்று நாற்பது பேர் இருக்கிறோம். பெரும்பாலும் தண்ணீர்த் தொட்டி, கார் நிறுத்துமிடம், மேல்மாடியிலிருந்து யாரோ வீசிய குப்பைப் பை, இவைதான் பேச்சு. போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு ஒருவர் கேட்டார்: "வீட்டு லைன் போயிருச்சு. எனக்கு மட்டுமா?" இரண்டு நிமிடத்தில், "எனக்கும்." அப்புறம் நான். அப்புறம் பதினொன்றாம் மாடி ஆண்டி, மோடத்தைப் படம் பிடித்தே போட்டுவிட்டார். சிவப்பு விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. மற்ற மூவரும் படம் போட்டோம். எல்லாவற்றிலும் அதே சிவப்பு.

ஆறு, ஏழு, ஒன்பது, பதினொன்று. நான்கு வீடுகளும் ஒரே வரிசையில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இருப்பவை. கார் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணன் கால் மணி நேரத்தில் தீர்ப்பே சொல்லிவிட்டார்: "நம்ம ரைசர்ல யாரோ கை வெச்சிருக்காங்க." ரைசர் என்பது மாடிக்கு மாடி கம்பிகள் ஏறிப் போகும் அந்தப் பூட்டிய சந்து.

இணைப்பு கொடுத்த நிறுவனத்தின் கணினியில் இது நான்கு தனித்தனிப் புகார்களாகப் பதிவானது. நான்கு பேருக்கும் ஒரே வைத்தியம் சொன்னார்கள்: மோடத்தை அணைத்துவிட்டு முப்பது வினாடி கழித்துப் போடுங்கள். அவர்களுடைய முகநூல் பக்கத்திலும் எழுதிப் பார்த்தேன். நான்கு நிமிடத்தில் பதில் வந்தது. சிரமத்துக்கு வருந்துகிறோம், விவரத்தை இன்பாக்ஸில் அனுப்புங்கள், கீழே ஒரு பெயர், ஒரு சிரிப்பு முகம். லைன் திரும்பி வந்தது ஒன்பதாவது நாள்.

பதிலுக்கு நான்கு நிமிடம், வேலைக்கு ஒன்பது நாள். சமூக வலை ஒரு டெலிகோவின், அதாவது தொலைத்தொடர்பு நிறுவனத்தின், வியாபாரத்துக்கு என்ன செய்கிறது என்று யோசிக்கும்போதெல்லாம் இந்த இரண்டு எண்களும் எனக்கு நினைவுக்கு வருகின்றன. மேலாளர் கூட்டத்துத் திரையில் பச்சை நிறத்தில் மின்னும் எண் முதலாவது. வாடிக்கையாளர் நிறுவனத்தை மாற்றிக்கொண்டு போவது இரண்டாவதால்.

மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருப்பவருக்கு இந்தக் குழப்பம் இல்லை. அவருக்கு முகநூலும் டிக்டாக்கும் கூடுதலாகக் கிடைத்த ஒரு கடைவாசல். தீபாவளிக்கு முன் புடவையைக் காட்டி நேரலை ஓட்டினால் எத்தனை விற்றது என்று அன்று இரவே எண்ணிவிடலாம். டெலிகோவின் நிலை வேறு. அதன் குழாய் வழியே ஓடும் சரக்கே இந்தச் சமூக வலைதான். முன்பு அது விற்ற சரக்கைத் தின்று தீர்த்ததும் இதுதான். வாடிக்கையாளர் வந்து திட்டிவிட்டுப் போகும் திண்ணையும் இதுதான். ஒரே ஆள் சம்பந்தி, பங்காளி, வாடகைக்காரன் என்று மூன்று முறையில் வந்து நின்றால் அவரை எப்படி வரவேற்பது?

பழைய சரக்கைத் தின்று தீர்த்த பங்காளிக் கதை ஊருக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் அதில் நம் ஆட்கள் அதிகம் கவனிக்காத ஒரு சங்கதி உண்டு. ஒரு குறுஞ்செய்தியில் 140 பைட் மட்டுமே போகும். ஆங்கிலத்திலும் மலாயிலும் அது 160 எழுத்து. தமிழை யூனிகோடில் அனுப்பினால் 70 தான். அதுவும் புள்ளி, கொம்பு, சுழி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். "இனிய தீபாவளி நல்வாழ்த்துகள், குடும்பத்தில் அனைவருக்கும்" என்று எழுதி முடிப்பதற்குள் ஒரு செய்தியின் இடத்தில் முக்கால்வாசிக்கு மேல் போய்விடும், குடும்பத்தார் பெயரையெல்லாம் போட இரண்டாவது செய்தி ஆகும். ஒரு செய்திக்குப் பத்து சென், பதினைந்து சென் என்று போன காலத்தில் தமிழில் வாழ்த்துச் சொல்ல இரட்டைக் கட்டணம். அதனால்தான் நாமெல்லாம் தமிழை ரோமன் எழுத்தில் கொத்திப் போட்டுப் பழகினோம். வலைப்பின்னல் தன் சொந்தச் சைகைகளுக்காக ஒதுக்கி வைத்திருந்த தடத்தில் ஓரமாக ஏறிப் போனதுதான் குறுஞ்செய்தி. அதனால் டெலிகோவுக்கு அடக்கவிலை மிகக் குறைவு, விற்ற விலையில் பெரும்பகுதி லாபம்.

வாட்ஸ்அப் 2009-இல் வந்தது. 2014-இல் பேஸ்புக் அதை 1900 கோடி டாலருக்கு வாங்கியபோது உலகம் வாயைப் பிளந்தது. அந்த விலையின் ஒரு பகுதி டெலிகோக்களின் பையிலிருந்து நழுவிய வாழ்த்துச் செய்திகள் என்று சொன்னால் மிகையாகாது. தமிழுக்கு 70 எழுத்து என்ற சுவரும் வாட்ஸ்அப்போடு இடிந்தது. மலேசியாவில் அதற்குப் புலனம் என்று பெயர் வைத்துக் கொண்டாடவும் செய்தோம்.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பங்காளியை வீட்டுக்குள் அழைத்து வந்ததும் டெலிகோக்கள்தான். 2010-இல் உலகம் முழுக்க ஐம்பது நிறுவனங்கள் பேஸ்புக்குடன் சேர்ந்து, படங்கள் இல்லாத ஒரு பேஸ்புக்கைத் தரவுக் கட்டணமே இல்லாமல் கொடுத்தன. அதன்பிறகு சமூகச் செயலிகளுக்கு இலவசத் தரவு என்று போடாத ப்ரீபெய்ட் பொட்டலம் இல்லை என்கிற அளவுக்கு வந்தது. இதைத்தான் சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். ஆனால் முழுக்கக் கேலி செய்யவும் முடியாது. அப்படிப் பழகிய விரல்கள்தான் பிறகு மாதம் முழுவதற்குமான தரவுத் திட்டத்தை வாங்கின. குறுஞ்செய்தியில் போனது தரவில் ஓரளவு திரும்பியது. எவ்வளவு என்பதுதான் தகராறு. குறுஞ்செய்தியை விற்கப் புதிய கோபுரம் நட வேண்டியதில்லை. தரவை விற்க அடுத்தடுத்து நட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வருமானம் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்க, முதலீடு மட்டும் ஏணி ஏறியது.

கடைசியாகக் குறுஞ்செய்தியில் ஒட்டிக்கொண்டிருந்தவை வங்கிகளின் கடவு எண்கள் (ஓடிபி). மோசடிக்காரர்களின் கைவரிசை பெருகியதும் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022 செப்டம்பரில் குறுஞ்செய்திக் கடவு எண்ணை விட்டுப் பாதுகாப்பான வேறு முறைக்குப் போகச் சொல்லிவிட்டது. அந்த ஊற்றும் வற்றிக்கொண்டிருக்கிறது.

சரி, சம்பந்தியிடம் வருவோம், அதாவது குழாயில் ஓடும் சரக்கிடம். இதைப் புரிந்துகொள்ள தைப்பூசத்தைவிட நல்ல பாடம் கோலாலம்பூரில் இல்லை. ஜாலான் துன் எச்.எஸ். லீயில் மகாமாரியம்மன் ஆலயத்திலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டு, ராத்திரி முழுக்க ஊர்ந்து, செந்தூல் பக்கமாக ஜாலான் ஈப்போ ஏறி பத்துமலைக்குப் போகும். வழியெங்கும் கையை உயர்த்திப் பிடித்த கைப்பேசிகள். பினாங்கில் இருக்கும் பாட்டிக்கு நேரலை, சிங்கப்பூரில் வேலை செய்யும் மகளுக்குக் காணொளி அழைப்பு, காவடி எடுக்கும் தம்பியைப் படம் பிடித்து உடனே படவரியில் (இன்ஸ்டாகிராம்).

வலைப்பின்னலைக் கட்டியவர்கள் இதற்கு நேர்மாறான மனிதரை மனத்தில் வைத்துக் கட்டினார்கள். சோபாவில் சாய்ந்து படம் பார்க்கும் ஆள் அவர். அவருக்கு மேலிருந்து கீழே வருவது ஆறு மாதிரி இருக்க வேண்டும், கீழிருந்து மேலே போவது ஓடை மாதிரி இருந்தால் போதும். நம் 5ஜி பெரிதும் ஓடும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஒரே பாதைதான், நேரத்தைத் துண்டுபோட்டுப் பகிர்ந்துகொள்ள வேண்டும். பெரும்பங்கு இறக்கத்துக்கே. மேலும், கோபுரம் உரத்துக் கத்தலாம், கையிலிருக்கும் பேசி முணுமுணுக்கத்தான் முடியும், பேட்டரியும் சட்டமும் அதற்குமேல் விடாது. ஆயிரம் பேர் ஒரே இடத்தில் நின்று ஒரே நேரத்தில் முணுமுணுத்தால், ஒருவர் சத்தம் மற்றவருக்கு இரைச்சல். திரையில் ஐந்து கோடும் நிற்கும், படம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். "கோடெல்லாம் ஃபுல்லா இருக்கு, லைன் மட்டும் இல்ல" என்று மக்கள் சொல்வது அறிவியல்படி மிகச் சரியான வாக்கியம்.

இப்படிக் கூட்டம் கூடும் இடங்களுக்கு நடமாடும் கோபுரத்தை லாரியில் கொண்டுவந்து நிறுத்துவது டெலிகோக்களின் வழக்கம். அது செலவு. ஆனால் சமூக வலையின் கணக்கில் இது வித்தியாசமான செலவு. அங்கே லைன் கிடைக்காத ஆள் வீட்டுக்கு வந்ததும் அதே சமூக வலையில் ஏறி, "பக்கத்துல நின்னவனுக்குப் போச்சு, எனக்குப் போகல" என்று எழுதுவார். இரண்டு நிறுவனங்களின் வலையை ஒரே இடத்தில், ஒரே நிமிடத்தில், ஒரே வேலைக்கு ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை அது. அந்த மாதிரி ஒரு சோதனைக்கு ஆலோசனை நிறுவனங்கள் நல்ல காசு வாங்கும்.

நான் சொல்ல வருவது இதைத்தான். சமூக வலையால் ஒரு டெலிகோவுக்குக் கிடைக்கும் பெரிய லாபம் காதில் இருக்கிறது, வாயில் இல்லை. ஆனால் காது மட்டும் வளர்ந்தால் பயனில்லை. காதில் விழுந்தது கைக்குப் போக வேண்டும். ரைசரைத் திறக்கும் கைக்கு, கோபுரத்தின் கோணத்தைத் திருப்பும் கைக்கு. பல நிறுவனங்களில் இவை இரண்டும் வெவ்வேறு மாடியில், வெவ்வேறு பட்ஜெட்டில், சில சமயம் வெவ்வேறு கம்பெனியிலேயே இருக்கின்றன.

காது எப்போது முளைத்தது என்று பார்த்தால், அமெரிக்காவில் காம்காஸ்ட் என்ற கேபிள், இணைய நிறுவனத்தில் 2008-இல் ஓர் ஊழியர் ட்விட்டரில் புகார் சொல்பவர்களைத் தேடித் தேடிப் பதில் சொல்லத் தொடங்கினார். அதுவரை தொலைபேசியில் காத்திருந்து சலித்த மக்களுக்கு அது அதிசயம். அடுத்த ஆண்டு பிரிட்டனில் ஓ2 நிறுவனத்தின் நிழலில் கிஃப்காஃப் என்றொரு கைப்பேசிச் சேவை தொடங்கியது. அது ஒரு படி மேலே போய், அழைப்பு நிலையமே வேண்டாம் என்றது. வாடிக்கையாளர் கேட்கும் கேள்விக்கு வாடிக்கையாளரே பதில் சொல்வார். சொன்னவருக்குப் புள்ளிகள், புள்ளிகளைக் காசாகவோ பேசும் கணக்காகவோ மாற்றிக்கொள்ளலாம். இதன் சிக்கனம் எங்கே இருக்கிறது? தொலைபேசியில் சொன்ன பதில் சொன்னதோடு காற்றில் போய்விடும், நாளை அதே கேள்வியோடு இன்னொருவர் வருவார், மறுபடி ஒரு ஊழியரின் ஏழு நிமிடம். எழுதிய பதில் அங்கேயே கிடக்கும், ஆயிரம் பேர் தேடி வந்து படித்துவிட்டுப் போவார்கள், எவரும் போன் எடுக்கமாட்டார்கள். வியாபாரக் கணக்கில் இது உறுதியான லாபம், லைக் எண்ணிக்கை போல ஊதிப் பெருக்கியது அல்ல.

நம் அடுக்குமாடிக் குழுவும் ஒரு குட்டி கிஃப்காஃப்தான், புள்ளி கொடுக்க ஆள் இல்லை என்பதைத் தவிர. இங்கு கைப்பேசியை இணையத்தோடு இணைக்கும் ஏபிஎன் அமைப்பை எப்படி மாற்றுவது, ரோமிங்கை எங்கே அணைப்பது, எந்த ப்ரீபெய்ட் பொட்டலத்தில் ஏமாற்று குறைவு என்பதெல்லாம் பதினொன்றாம் மாடி ஆண்டியிடம் கேட்டால் தெரியும். ஆண்டிக்கு எழுபது வயது.

காதை மூடிக்கொண்டவர்களுக்கு என்ன ஆனது என்பதற்கும் கதைகள் உண்டு. ஆஸ்திரேலியாவில் 2010 டிசம்பரில் வோடஃபோனின் லைன் தரத்தில் நொந்துபோன ஒரு வாடிக்கையாளர் 'வோடஃபெயில்' என்று ஒரு தளம் தொடங்கினார். ஆயிரக்கணக்கில் புகார்கள் குவிந்தன. தனித்தனியாக இருந்தவரை ஒவ்வொருவரும் "நம்ம போன்லதான் ஏதோ கோளாறு" என்றே நினைத்திருந்தார்கள். ஒரே இடத்தில் கூடியதும் கோளாறு எங்கே என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. 2011-இல் அந்த நிறுவனம் லட்சக்கணக்கில் வாடிக்கையாளர்களை இழந்தது. அந்தத் தளம்தான் விரட்டியது என்று சொல்லமாட்டேன். லைன் சரியில்லாததுதான் காரணம். ஆனால் "எனக்கு மட்டுமா?" என்ற கேள்விக்கு விடை கிடைத்தபின் மனிதர்கள் பொறுமையாக இருப்பதில்லை.

அதே 2011 கடைசியில் அமெரிக்காவின் வெரைசன், இணையத்திலோ தொலைபேசியிலோ ஒவ்வொரு மாதமும் தனியாகக் கட்டணம் செலுத்துவோரிடம் இரண்டு டாலர் வசூலிக்கப் போவதாக அறிவித்தது. கட்டணம் செலுத்துவதற்கே கட்டணம்! சமூக வலையில் கிளம்பிய இரைச்சலில் மறுநாளே பின்வாங்கியது. இப்படி ஒரு யோசனை நடைமுறைக்கு வந்து, ஆறு மாதம் கழித்து வாடிக்கையாளர் குறைந்த பிறகு உணர்வதைவிட ஒரே நாளில் தெரிந்துகொண்டது மலிவுதான்.

மலேசியாவில் இந்த விலகல் விவகாரம் 2008-இலிருந்து சூடு பிடித்தது. எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் வசதி அந்த வருடம் வந்தது. அதற்கு முன் 012, 016, 019 என்ற முன்னெண்ணைப் பார்த்தாலே யாருடைய வாடிக்கையாளர் என்று சொல்லிவிடலாம். எண்ணை விட மனமில்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவர்கள் ஏராளம். அந்தக் கட்டு அவிழ்ந்த அதே காலத்தில்தான் முகநூலும் இங்கே பரவியது. போக வழியும் கிடைத்தது, போகச் சொல்ல ஆளும் கிடைத்தார்கள்.

விலகலின் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். வெறும் உதாரணம்தான், எந்த நிறுவனத்தின் எண்ணும் அல்ல. ஒரு கோடி வாடிக்கையாளர், தலைக்கு மாதம் 40 ரிங்கிட். மாதம் 2 விழுக்காட்டினர் விலகுகிறார்கள் என்றால் அது இரண்டு லட்சம் பேர். புகாரை ஒழுங்காகக் கேட்டு முடித்ததால் அது 1.9 விழுக்காடு ஆனது என்று வைத்துக்கொள்வோம். திரையில் யாரும் கவனிக்கவே மாட்டார்கள், புள்ளிக்குப் பின்னால் ஒரு எண். ஆனால் மாதம் பத்தாயிரம் பேர் கூடுதலாகத் தங்குகிறார்கள், அவர்களால் நான்கு லட்சம் ரிங்கிட். அடுத்த மாதம் இன்னொரு பத்தாயிரம். அவர்கள் எல்லோரும் நிலைத்து இருந்தால் பன்னிரண்டு மாதத்தில் மூன்று கோடி ரிங்கிட்டுக்கு மேல். போனவர்களுக்குப் பதில் புது ஆட்களைப் பிடிக்க வேண்டிய விளம்பரம், முகவர் கமிஷன், தள்ளுபடிக் கைப்பேசி ஆகியவற்றின் மிச்சத்தை இதில் சேர்க்கவில்லை.

இவ்வளவு பணம் காதில் இருக்கும்போது அதை ஏன் சரியாகக் கேட்பதில்லை? ஒரு காரணம் மொழி. மக்கள் எழுதுவதை எல்லாம் இயந்திரத்துக்குள் போட்டு, இது பாராட்டு, இது வசவு என்று பிரித்து வரைபடமாகத் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன. கோலாலம்பூர்த் தமிழர் ஒருவர் கோபத்தில் எழுதுவதை அவற்றிடம் கொடுத்துப் பாருங்கள். "சூப்பர் லா உங்க சர்வீஸ், மூணு நாளா லைனே காணோம், தெரிமா காசே" என்று எழுதுகிறார். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் ஒரே வரியில், அதுவும் ரோமன் எழுத்தில். சூப்பர் பாராட்டு, தெரிமா காசே நன்றி. இரண்டு நல்ல சொல் இருப்பதால் மகிழ்ச்சியான வாடிக்கையாளர் என்று கணக்கில் ஏறிவிடும். சித்தி பேசும் தொனியைக் கேட்டே அது பாராட்டா இடிப்பா என்று கண்டுபிடிக்கும் நமக்கு இது சிரிப்பாக இருக்கும். இப்போது வரும் மொழி மாதிரிகள் முன்பைவிடத் தேவலை. ஆனாலும் ஒரு தமிழ்ப் பெண் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தால் அரை நொடியில் முடியும் வேலை அது.

இன்னொரு காரணம், இரைச்சலில் எது உண்மை என்று பிரிப்பது நிஜமாகவே கடினம். 2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சேர்ந்து ஆறு மணி நேரம் அளவுக்குப் படுத்துவிட்டன. நமக்கு நள்ளிரவுக்குச் சற்று முன். பேஸ்புக் தன் சொந்த வலைப்பின்னலில் செய்த ஒரு மாற்றம் தவறிப்போய், இணையத்தின் வரைபடத்திலிருந்தே அதன் முகவரிகள் காணாமல் போயின. பயனர்களுக்கு அதெல்லாம் தெரியுமா? லைன் போச்சு என்று பேசியை அணைத்துப் போட்டார்கள், டெலிகோவைத் திட்டினார்கள். செயலிகளும் விடாமல் கதவைத் தட்டிக்கொண்டே இருந்ததால் முகவரி தேடும் கணினிகளுக்கு வேலை பலமடங்கு கூடியது. கிளவுட்ஃபிளேர் நிறுவனம் வழக்கத்தைவிட முப்பது மடங்கு என்றது. யாரோ செய்த தவறுக்குப் பழியும் சுமையும் டெலிகோவுக்கு. எங்கள் குழுவுக்கோ இன்னொரு சிக்கல்: "எனக்கு மட்டுமா?" என்று கேட்கும் இடமே வாட்ஸ்அப்தானே. அன்றைக்கு அதைக் கேட்க வழியே இல்லை.

திண்ணையில் உட்கார்ந்து கேட்பதில் கசப்பும் உண்டு. ஒரே தாமானின் (குடியிருப்புப் பகுதியின்) குழுவில் காலையில் "இங்க சிக்னலே இல்ல" என்று புலம்பல், மாலையில் "பக்கத்து மொட்டை மாடியில கோபுரம் வைக்கப் போறாங்களாம், கதிர்வீச்சு, புற்றுநோய், எல்லாரும் கையெழுத்துப் போடுங்க" என்று ஒரு பார்வர்ட். கோபுரத்திலிருந்து வருவது அயனியாக்கும் கதிர்வீச்சு அல்ல, அளவுக்கு வரம்பும் கண்காணிப்பும் உண்டு என்று தொடர்பு, பல்லூடக ஆணையம் எத்தனை முறை சொன்னாலும், பார்வர்டின் வேகம் வேறு. 2020-இல் பிரிட்டனில் 5ஜிதான் கொரோனாவைப் பரப்புகிறது என்று கிளம்பிய வதந்தியில் கோபுரங்களுக்குத் தீயே வைத்தார்கள். ஒரு கோபுரம் நிற்காமல் போனால் அந்தப் பகுதி வாடிக்கையாளர் விலகுவார். விலகலுக்குக் காரணமாக எந்த அறிக்கையும் அந்தப் பார்வர்டை எழுதிவைக்காது.

இப்போது கைக்கு வருகிறேன். ஒன்பதாவது நாள் வந்த தொழில்நுட்பர் ஒரு தமிழ்ப் பையன், இருபத்தைந்து இருக்கும். நிறுவனத்தின் சட்டை போட்டிருந்தாலும் சம்பளம் கொடுப்பது ஒரு குத்தகைக்காரர். ஐந்தாம் மாடி ரைசர்ப் பெட்டியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு நிமிடம் கூட ஆகவில்லை.

"அண்ணே, புது லைன் போட வந்தவன் மூடறப்ப நாலு ஃபைபர மடிச்சு வெச்சிட்டான். கண்ணாடி நூல் அண்ணே இது. மடிச்சா வெளிச்சம் போகாது."

"மோடத்தை அணைச்சுப் போடச் சொன்னாங்களே தம்பி?"

சிரித்தார். "சிவப்பு விளக்கு எரிஞ்சா வெளிச்சமே வரலன்னு அர்த்தம். நூறு தடவ அணைச்சுப் போட்டாலும் வராது. வெளக்கு என்ன கலர்னு உங்கள யாராவது கேட்டாங்களா?"

யாரும் கேட்கவில்லை. எங்கள் குழுவில் நான்கு சிவப்பு விளக்குப் படங்கள் முதல் இரவே இருந்தன. அது மட்டுமில்லை, ஃபைபர் இணைப்பில் வீட்டுப் பெட்டிக்கு வெளிச்சம் நின்றுபோனால் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் கருவிக்கு அது உடனே தெரியும். நான்கு வீடும் ஒரே கிளைப்பெட்டியில், ஒரே வேளையில் அணைந்தன என்று அதன் பதிவேட்டில் இருந்திருக்கும். ஆக, மூன்று இடத்தில் ஒரே செய்தி: குழுவில், முகநூல் மேசையில், எக்ஸ்சேஞ்சில். மூன்றும் ஒன்றோடொன்று பேசவில்லை. டார்ச் வைத்திருக்கும் பையனுக்கு மூன்றுமே வரவில்லை. அவருக்கு வந்தது ஒரு வேலைச்சீட்டு: "இணைப்பு இல்லை, போய்ப் பார்க்கவும்."

நிறுவனத்துக்குள்ளேயே சமூக வலையைக் கொண்டுவந்து இந்த ஓட்டையை அடைக்கலாம் என்ற எண்ணம் புதிதல்ல. பேஸ்புக் 2016-இல் அலுவலகங்களுக்கென்று வொர்க்பிளேஸ் என்ற தளத்தைத் தொடங்கியபோது முதலில் கைகோத்த பெரிய நிறுவனங்களில் நார்வேயின் டெலினார் ஒன்று. அப்போது இங்குள்ள கைப்பேசி நிறுவனமான டிஜியின் பெரும்பங்குதாரரும் அதுதான். மேலதிகாரிக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்காமல், களத்தில் இருப்பவன் படம் போட்டால் பொறியாளர் பார்த்துப் பதில் சொல்வார் என்பது கனவு. கனவில் தவறில்லை. ஆனால் களத்தில் டார்ச் பிடிப்பவர் குத்தகைக்காரரின் ஆளாக இருக்கும் இடத்தில் அவருக்கு அந்தத் தளத்தில் கணக்கே இருக்காது. அவர்கள் தங்களுக்குள் ஒரு புலனக் குழு வைத்துக்கொண்டு வேலையை முடித்துக்கொள்கிறார்கள். 2024 மே மாதம் மெட்டா அந்த வொர்க்பிளேஸையே மூடப்போவதாக அறிவித்துவிட்டது. புலனக் குழுக்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஆக, சமூக வலையால் டெலிகோவின் செயல்திறன் கூடியதா என்று யாராவது ஒரே எண்ணில் சொன்னால் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள். 2018-இல் அரசு, ஒரு நிறுவனம் இன்னொன்றின் வலையைப் பயன்படுத்தக் கொடுக்கும் மொத்தவிலை அணுகல் கட்டணத்தைக் குறைத்ததும் அகன்ற அலைவரிசை விலைகள் சரிந்தன, வேகம் கூடியது, டெலிகோம் மலேசியாவின் பங்கு விலை அந்த வருடம் அடி வாங்கியது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும் அலுவலகத்தில் ஓடிய தரவெல்லாம் ஒரே வாரத்தில் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தது. 2021 முடிவோடு 3ஜி மூடப்பட்டது. 2022 நவம்பர் இறுதியில் செல்கோமும் டிஜியும் ஒன்றாகி, ஏறக்குறைய இரண்டு கோடி வாடிக்கையாளருடன் நாட்டின் மிகப் பெரிய கைப்பேசி நிறுவனம் ஆனது. 2025 தொடக்கத்திலிருந்து எண்பது லட்சம் பயனருக்கு மேல் வைத்திருக்கும் சமூக ஊடகங்களுக்கே உரிமம் வேண்டும் என்றானது. இத்தனை பேய்க்காற்றுக்கு நடுவே, லாபம் ஏறியதில் எவ்வளவு முகநூல் பக்கத்தால் என்று பிரித்தெடுக்கத் தராசு இல்லை. காசுள்ள நிறுவனம் நல்ல வலையும் கட்டும், நல்ல சமூக ஊடகக் குழுவும் வைக்கும். எதனால் எது என்று சொல்வது கடினம்.

அளக்க முடிந்தவை சின்னச் சின்ன விஷயங்கள். ஒரே கோளாறுக்கு ஒருவர் எத்தனை முறை தொடர்புகொண்டார், ஒரே கட்டடத்திலிருந்து வந்த புகார்களை எத்தனை மணி நேரத்தில் ஒன்றாகக் கட்டினார்கள், முதல் முறை போன தொழில்நுட்பரே முடித்தாரா, ஆணையத்துக்கோ பயனீட்டாளர் மன்றத்துக்கோ போய் முறையிட வேண்டி வந்ததா. இவற்றில் எதற்கும் லைக் பொத்தான் கிடையாது.

அந்தப் பையன் ஃபைபரை நீவிவிட்டு, பெட்டியை ஒழுங்காக மூடி, கீழே இறங்கினார். போகும்போது பதினொன்றாம் மாடி ஆண்டி அவருடைய எண்ணை வாங்கிக் குழுவில் போட்டார்: "லைன் போனா இந்தத் தம்பிய கூப்பிடுங்க, பாவம் நல்ல பையன்." அவருக்கு இன்னும் ஒரு தலைவலி சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் நிறுவனத்திடமிருந்து ஒரு குறுஞ்செய்தி. எங்கள் சமூக ஊடகக் குழு தந்த சேவைக்கு ஒன்று முதல் பத்து வரை எத்தனை மதிப்பெண் தருவீர்கள்? தொழில்நுட்பரைப் பற்றிக் கேள்வி இல்லை. அவருடைய முகத்தை நினைத்துக்கொண்டு ஒன்பது போட்டேன். முதல் இரவு நான்கு நிமிடத்தில் பதில் போட்ட சிரிப்பு முகத்தின் கணக்கில் அது ஏறியிருக்கும்.